இரண்டாவதும் மூன்றாவதும்

எழுபத்திரண்டாம் வருஷத்துக் கோடையில் ஒரு காலை, திருப்பாலைவனத்தைத் தாண்டியதும் செங்கல்வராயனின் வேன் திடீரென்று இழுவை இழந்தது. அதுவரை சீராக ஓடிய எஞ்சின் படபடவென்று அடித்தது. மிதிக்க மிதிக்கச் சோர்ந்து, ஒரு புளியமரத்தருகே நின்றேவிட்டது. பின்னால் ஐஸ் போட்ட இறால் கூடைகள். அவற்றின் நடுவே கால் மடக்கி உட்கார்ந்திருந்த குப்பத்துப் பெண்கள்.

அவன் இறங்கி, முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். எப்போதும் முறைத்துக்கொண்டு எதிர்த்துத் தள்ளும் கைப்பிடி, பாதிச் சுற்றுக்கு வாளி அறுந்த ராட்டினம் போலச் சுழன்றது.

அவர்களுடையது பழவேற்காட்டு உப்பங்கழியோரக் குப்பம். முன்பெல்லாம் பிடித்த இறால் முழுவதும் கமிஷன்காரரின் லாரியில்தான் போகும்; அவர் சொன்னதுதான் விலை. அந்த லாரியை ஓட்டியவனே செங்கல்வராயன்தான். பட்டணத்தில் யாரோ கழித்துவிட்ட இந்த வேனை அவன் கொண்டுவந்த பிறகு, பெண்கள் தாங்களே பட்டணத்துச் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய் விற்றார்கள். மைல் காட்டும் முள் அவன் வாங்கும்போதே செத்திருந்தது. கழித்தண்ணீர் உப்பு, ரேடியேட்டரை அரித்துவிடும் என்று, தொலைவிலிருந்து சுமந்துவந்த குடிநீரில் ஆளுக்கொரு சொம்பு அதற்கு ஊற்றினார்கள்.

பொன்னேரி போகும் பஸ்ஸில் சொல்லியனுப்பி, மெக்கானிக் சாலமோன் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சாலமோன் நான்கு பிளக்குகளையும் கழற்றினார். ஒவ்வொரு துளையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "சுத்து" என்றார். முதல் துளையில் காற்று விரலைத் தள்ளியது. நான்காவதிலும் தள்ளியது. நடுவிலிருந்த இரண்டிலும் ஒன்றுமில்லை. அந்த இரண்டிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டு மறுபடி சுற்றச் சொன்னார். அப்போதும் விரல் அசையவில்லை.

"பிஸ்டன் ரிங்கு போயிருந்தா, எண்ணெய் ஊத்துனதும் காத்து கொஞ்சமாச்சும் புடிச்சிருக்கும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டும் ஒரே நேரத்துல போயிருக்குது. ரெண்டுக்கும் நடுவுல, மூடிக்கு அடியில போட்ட பேக்கிங் தகடு எரிஞ்சிருக்கும், நைனா."

"பேக்கிங் மட்டும்னா?"

"மாத்திட்டா சாயங்காலமே ஓடும்."

செங்கல்வராயன் திரும்பிப் பெண்களைப் பார்த்துச் சிரித்தான். குப்பாயி ஈரச்சாக்கை இழுத்துக் கூடைமேல் நன்றாகப் போர்த்தினாள். "இன்னிக்கி இறால் போனா போவுது. வண்டி பொழைச்சா போதும்" என்றாள். குப்பத்தில் எல்லாருக்கும் மூத்தவள் அவள்.

போல்ட்டுகளைத் தளர்த்தி, இருவருமாக எஞ்சினின் மூடியான தலைப்பகுதியைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். சாலமோன் சொன்னது சரிதான். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவே பேக்கிங் கருகி, விரல் அகலத்துக்கு வழி விட்டிருந்தது.

ஆனால் சாலமோன் எழுந்திருக்கவில்லை. அந்த இடத்தைத் துணியால் துடைத்தார். மண்ணெண்ணெய் தடவி, மறுபடி துடைத்துவிட்டு, சாக்கட்டியைப் பொடித்துத் தூவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியில் தலைமயிர் போல ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. அது சிலிண்டரின் சுவருக்குள் இறங்கிப் போயிற்று.

"இன்னா அது?" என்றான் செங்கல்வராயன். தெரிந்துதான் கேட்டான்.

"எஞ்சின் பிளாக்கே பொளந்துக்குனு கீது."

"வெல்டிங் வெச்சா?"

"வார்ப்பு இரும்புப்பா. பத்த வெச்சா பக்கத்துல பொளக்கும். ஏற்கெனவே ரெண்டு தபா உள்ள குடைஞ்சி சிலீவுக் குழாய் போட்டுக்கிறாங்க. இதுக்கு மேல குடைய அதுல இரும்பு இல்ல."

"வேற பிளாக்கு கெடைக்காதா, மேஸ்திரி?"

"இந்த வண்டியே இப்ப வர்றதில்ல. எங்கனா காயலான் கடையில கெடைச்சாலும், அதுவும் இத்தோட வயசுதான்."

கூடைகளிலிருந்து வாடை எழ ஆரம்பித்தது. பஸ் ஒன்று வந்தது. கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் நிற்காமல் போக விசில் கொடுத்துவிட்டான். அதன்பின் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கமிஷன்காரரின் லாரி வந்து, கேட்காமலே நின்றது.

"ஏத்துங்க" என்றான் அதன் டிரைவர். "வெல அங்க போய் அவரு சொல்வாரு."

மற்ற பெண்கள் குப்பாயியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் செங்கல்வராயனைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான். அவளே முதல் கூடையைத் தூக்கிக் கொடுத்தாள். கடைசிப் பெண் ஏறும்வரை கீழே நின்று, "நீயும் வா தம்பி. வெயில்ல குந்திக்கினு இன்னா பண்ணப்போற?" என்றாள்.

"நீங்க போங்கக்கா."

லாரி போனபின் தலைப்பகுதியைத் தூக்கி எஞ்சின்மேல் வைத்தான். சாலமோன் தடுக்கவில்லை, மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். செங்கல்வராயன் ஒவ்வொரு போல்ட்டையும் பழைய துளையிலேயே போட்டு, முழுப் பலத்தோடு முறுக்கினான்.

"எதுக்கு இம்மாம் இறுக்கற? காயலான் கடைக்காரன் மறுபடி கழட்டணும்" என்றார் சாலமோன்.

அவன் அடுத்த போல்ட்டை எடுத்தான்.