பெரியவர் எடுத்த படங்கள்

பெரிசாத்துக்கு வந்த கோபத்துக்கு அந்த அட்டைகளைக் கொண்டுபோய் நாரின் ஆற்றில் கொட்டியிருப்பாள். நூலகத்துச் சொத்தாகப் போய்விட்டதால் தப்பித்தன.

எண்பத்தெட்டு கண்ணாடித் தகடுகள். எழுபது வருடத்துக்கு முந்தைய புகைப்படங்கள். கணவாய்ப் பாதையை மண்வெட்டியால் வெட்டித் திறக்கும் ஆட்கள், யாக் மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள், குதிரைப் பந்தயத்தில் தோற்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஒரு தாடிக்காரர். வெள்ளிக்கிழமை தலைநகர் பிஷ்கெக்கின் ஆவணக் காப்பகத்திலிருந்து வண்டி வரும். தகடுகளைக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்து, ஸ்கேன் செய்து, ஈரம் படாத அறையில் வைப்பார்கள். ஆனால் எடுத்தவர் பெயர் இல்லாத படம் பட்டியலில் ஏறாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஏறாததெல்லாம் பழையபடி நிலவறைக்குப் போகும். அங்கே இருந்த ஈரத்தில் ஏற்கெனவே ஓரமெல்லாம் படலம் வெங்காயத் தோலாக உரிந்துகொண்டிருந்தது. இன்னொரு பனிக்காலத்தை அவை தாங்காது.

தகடுகளோடு இருந்த விவர அட்டை எல்லாவற்றிலும் ‘எடுத்தவர்’ என்ற இடத்தில் ஒரே சொல்தான் இருந்தது. பெரியவர்.

பெரிசாத் நூலகப் படிப்பில் இரண்டாம் வருடம். கோடைப் பயிற்சிக்காக இந்தச் சிற்றூர் நூலகத்துக்கு ஒரு மாதம் வந்திருந்தாள். முதல் இரண்டு வாரம் மென்மையான தூரிகையால் தூசி தட்டி, தகட்டுக்குத் தகடு நாலு மடிப்புக் காகித உறை செய்தாள். மூன்றாவது வாரம் கணினியில் விவரப் பதிவு. படம் ஒன்றுக்குப் பதினைந்து கட்டங்கள். பிஷ்கெக்காரர்கள் அதை மெட்டாடேட்டா என்றார்கள். பட அறைப் பொறுப்பாளர் புருலை எல்லோரும் எஜே, அதாவது அக்கா, என்பார்கள்; அவள் அதைப் படத்தோட பாஸ்போர்ட் என்றாள். வகுப்பிலேயே வேகமாகத் தட்டச்சு செய்கிறவள் என்ற கர்வம் பெரிசாத்துக்குக் கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு. அப்படிப்பட்டவளை ஒரே ஒரு கட்டம் தடுத்து நிறுத்திவிட்டது.

"எஜே, யாரு இந்தப் பெரியவர்?"

"பெரியவர்தான்."

"அவருக்குப் பேரு கிடையாதா?"

"பேரு இல்லாம இருப்பாரா? இருக்கு."

"அப்பச் சொல்லுங்களேன்!"

"டீ ஆறுது பாரு. குடி."

புருல் எஜேக்கு வயது ஐம்பத்தேழு. முப்பத்து நாலு வருடமாக அந்த அறைதான் அவள் உலகம். விறகுக்கும் வழியில்லாமல் ஊரே சன்னல் சட்டத்தைக் கழற்றி அடுப்பெரித்த கெட்ட வருடங்களில், படத்தைச் சுரண்டிவிட்டால் நல்ல கண்ணாடியாயிற்றே, தக்காளிப் பந்தலுக்கு ஆகுமே என்று தகடுகளைக் கேட்டு ஆட்கள் வந்தார்களாம். எஜே கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு இரண்டு நாள் ரொட்டியும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தாளாம். தகடுகளைத் தேயிலைப் பெட்டிகளில் கம்பளி சுற்றிச் செங்குத்தாக நிறுத்தி வைத்ததும் அவள்தான். அப்படிக் காப்பாற்றியவள் ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்பதுதான் பெரிசாத்தின் எரிச்சல்.

கடைசியில் நூலக வண்டி ஓட்டும் சட்டிபால்தியிடம் போய்ப் புலம்பினாள். அவர் குடித்துக்கொண்டிருந்த குதிரைப்பால் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார்.

"அட மகளே, அவ எப்படிச் சொல்லுவா? அது அவ மாமனாரு! மருமக மாமனார் பேரை வாயில வைப்பாளா? முப்பத்தஞ்சு வருஷமாக் கட்டிக் காத்த நாக்கு அது."

"எழுதக்கூடவா மாட்டாங்க?"

"வாய் மட்டும்தான் மருமகளா, கை பக்கத்து வீட்டுக்காரியா? அவர் பேரு காசிமாலி. இந்த ஊரு நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். உனக்குத்தான் தெரியல."

பெரிசாத் வளர்ந்தது பிஷ்கெக்கில், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில். வீட்டுக்கு மருமகள் என்று ஒருத்தி வந்தால்தானே இதெல்லாம் தெரியும்? ஓடிவந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் எண்பத்தெட்டு பதிவிலும் காசிமாலி ஏறிவிட்டார். விஷயம் தெரிந்தவர் ஒருவர் ஒப்பமிட்டால்தான் பெயர் செல்லும் என்பதால் உறுதிமொழித் தாளையும் அச்செடுத்து, வியாழக்கிழமை மத்தியானம் எஜேயின் மேசையில் வைத்தாள். பாராட்டுக்குக் காத்து நின்றாள்.

புருல் எஜே தாளைப் படித்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீங்க பேரைச் சொல்ல வேணாம், எழுத வேணாம். கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்! அதுக்குமா? உங்க வீட்டு மரியாதைக்காக இவ்வளவு படமும் அழுகிப் போகணுமா எஜே?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. எஜே கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்து, மேசையில் இரண்டு வரிசையாக அட்டைகளைப் பரப்பினாள்.

"மரியாதை இருக்கட்டும். எண்பத்தெட்டையும் எங்க வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டியே, யாரைக் கேட்டுக் குடுத்த? அட்டையில இருக்கிற கையெழுத்தைப் பாரு. இந்த அறுபத்தொண்ணு நான் எழுதினது. அந்த இருபத்தேழு சூரா எழுதினது."

சூரா என்பவள் அதே மேசையில் எஜேக்கு எதிரே இருபது வருடம் உட்கார்ந்திருந்தவள். இறந்து ஒன்பது வருடமாகிறது.

"நான் பெரியவர்னு எழுதினா அது என் மாமனார். அவ பெரியவர்னு எழுதினா அது அவ மாமனார். ரெண்டு பேருமே படம் எடுத்தவங்க. ஒரே குதிரையில சேர்ந்து போவாங்க, பெட்டியை ஒருத்தர், முக்காலியை ஒருத்தர் தூக்கிக்கிட்டு."

பெரிசாத்துக்கு முகம் சிவந்துவிட்டது. வகுப்பிலேயே வேகமாகத் தட்டியவள் இரண்டு மனிதர்களை ஒருவராக்கி வைத்திருந்தாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

"அவரோட பேரு..." என்று இழுத்தாள். இதையும் சொல்ல மாட்டாளோ என்று பயம்.

"மம்பெத்!" என்றாள் எஜே கணீரென்று. "சூராவோட மாமனார்தானே, எனக்கென்ன தடை? நூறு தடவை சொல்வேன். மம்பெத், மம்பெத்!" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் இருந்த புத்தியைப் பாரு. இருபது வருஷம் எதிரும் புதிருமா உக்காந்திருந்தோமே, அவ அட்டையை நானும் என் அட்டையை அவளுமா மாத்தி எழுதியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

டீ குடிக்க வந்த சட்டிபால்தி சும்மா இருப்பாரா?

"ஏ புருல், எண்பத்தெட்டு படம்னா பிஷ்கெக்குல ஒரு சுவர் முழுக்க உன் மாமனாருக்கே குடுப்பாங்க. சூராவும் இல்ல, கேக்க ஆளும் இல்ல. விட்டுடேன்."

"அவர் எடுக்காத படத்துக்கு அடியில அவர் பேரு நின்னா அது பெருமையா? திருட்டு."

பெரிசாத் இருபத்தேழு பதிவையும் திருத்தினாள். இந்த முறை ஒவ்வொரு அட்டையையும் கையில் எடுத்துக் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே தட்டினாள். சாயங்காலம் இரண்டு தாள்கள் தயாராயின. எஜேயின் மாமனார் பெயர் வரும் வரிமேல் ஒரு வெற்று உறையை வைத்து மறைத்துப் பிடித்துக்கொண்டாள். எஜே அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒப்பமிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிஷ்கெக் அதிகாரி வந்தார். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர், கையில் பட்டியல். ஒவ்வொரு தகடாக எடுத்து, அதன் பதிவை உரக்கப் படித்து, சரிபார்த்துப் பெட்டியில் வைக்க வேண்டும். படிக்கிற வேலை பெரிசாத்துக்கு.

"தகடு ஒன்று. கணவாய்ப் பாதை வேலை. எடுத்தவர், காசிமாலி."

புருல் எஜே நாற்காலியிலிருந்து எழுந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, தலைத்துணி முன்னால் சரியக் குனிந்து வணங்கினாள். மாமனார் வாசலில் கால் வைக்கும்போது புது மருமகள் எழுந்து குனிவாளே, அப்படி. பிறகு உட்கார்ந்தாள்.

"தகடு இரண்டு. யாக் மேல் மாணவியர். எடுத்தவர், காசிமாலி."

மறுபடி எழுந்தாள், குனிந்தாள். பத்தாவது தகட்டில் அதிகாரிக்குத் தாங்கவில்லை.

"எஜே, உக்காருங்க. முட்டி வலிக்கப் போகுது."

"பேரைக் கூப்பிட்டா எங்க பெரியவர் வர்றார். உக்காந்துக்கிட்டா இருப்பேன்? நீ படி பொண்ணே."

அதிகாரி பட்டியலை மேசையில் வைத்துவிட்டுக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். அறுபத்தொரு முறை அந்தப் பெயர் அந்த அறையில் ஒலித்தது. அறுபத்தொரு முறையும் அவள் எழுந்தாள். கடைசிப் பத்துக்கு மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த மாவட்டத்திலேயே அன்று அவளைவிடக் கர்வமான ஆள் கிடையாது.

"தகடு அறுபத்திரண்டு. எடுத்தவர், மம்பெத்."

நாற்காலி நகர்ந்தது. பெரிசாத் நிமிர்ந்து பார்த்தாள். புருல் எஜே மேசை விளிம்பைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள்.

"எஜே, இவர் உங்க மாமனார் இல்லையே."

"சூராவோடவர். அவ இருந்தா எழுந்திருப்பா."

தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு பெரிசாத்தும் எழுந்து நின்றுகொண்டாள். மீதி இருபத்தாறு தகடுகளையும் நின்றபடியே, பெயரை இன்னும் உரக்கப் படித்து முடித்தாள்.