தாக்குப்பிடிக்கிற பெண்

இந்தப் பெண் இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லை, இரண்டாம் மாடிப் படியிலேயே கேட்டுவிடும் என்றுதான் இவள் நினைத்தாள், அங்கே ஒரு நிமிஷம் நின்று கால் மாற்றிக்கொண்டதே, முகம்கூட வெளுத்ததே... ஆனால் வாயைத் திறந்தால் தளத்துக்கு அடியில முட்டுக் கொடுத்த பலகையெல்லாம் எப்ப பிரிப்பாங்க மேடம் என்கிறது, கெட்டிக்காரிதான். காலையில் வந்ததும் வராததுமாக எலுமிச்சை ஜூஸ் ஒரு பெரிய டம்ளர், வெயில்ல வந்திருக்கியே குடிம்மா என்று இன்னொன்று, அதற்கு மேல் ஒரு பாட்டில் தண்ணீர், எல்லாவற்றையும் மரியாதைக்குக் குடித்துவிட்டு உச்சி வெயில் வரைக்கும் தாக்குப்பிடிக்கிறதே... போன தடவை வந்த பெண் முதல் மாடி ஏறுவதற்குள் பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிட்டது, அத்தோடு அதன் கதை முடிந்தது. அதற்கு முந்தியது கேட்கக் கூச்சப்பட்டு அழுதே விட்டது, அதையும் அனுப்பியாயிற்று. கம்பெனியில் யாருக்கும் இந்தச் சோதனை தெரியாது. சிவில் இன்ஜினியரிங் படிக்கிற பெண்ணாகப் பார்த்து, கடைசி வருஷச் செலவு முழுக்கக் கொடுத்து, முடித்ததும் கட்டட சைட்டிலேயே வேலை, பெண்கள் இந்தத் துறைக்குத் திரண்டு வர வேண்டும் என்று டைரக்டர் மைக் கிடைத்த இடத்திலெல்லாம் பேசுகிறார். தேர்வின் கடைசிக் கட்டம் ஒரு நாள் இவளோடு சைட்டைச் சுற்றிப் பார்ப்பது. இவள் சரி என்றால் சரி, சைட்டில் நிற்கிற ஒரே பெண் இன்ஜினியர் இவள்தானே.

ஒருத்தி வந்து நிலைச்சுட்டா உங்கள டிசைன் ஆபீசுக்கு மாத்திடறேன் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார், நிலைச்சுட்டா, அந்த ஒரு வார்த்தையில்தான் இவள் பிழைப்பே தொங்குகிறது. வந்தவள் ஆறு மாதத்தில் ஓடிவிட்டால் திரும்ப இந்தப் புழுதிக்கே தள்ளிவிடுவார்கள், அப்புறம் யாரைக் கேட்பது... டிசைன் ஆபீசில் நாற்காலி இருக்கிறது, தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை இருக்கிறது, நினைத்தபோது தண்ணீர் குடிக்கலாம். இங்கே வந்த முதல் நாளே ஒரு மேஸ்திரி காதுபடச் சொன்னான், பொம்பளைன்னா பத்து தடவை ஒதுங்கணும், வேலை எங்க நடக்கும் என்று. அன்றைக்கு வைராக்கியமாக அடக்கியவள்தான், காலையில் அரை டம்ளர் காபி, அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை ஒரு சொட்டு கிடையாது, வருஷக்கணக்காக இப்படியே. சித்தாள் பெண்கள் பக்கத்துக் காலிமனைப் புதருக்குப் போய்விடுவார்கள், மேடம் போக முடியுமா? இரும்பு மேடம் என்று பெயர் வேறு வைத்துவிட்டார்கள், அதைக் கேட்டால் உள்ளுக்குள் குளிரத்தான் செய்கிறது. கிட்னியில் மூன்றாம் முறையும் கல் என்று ஸ்கேனில் தெரிந்தபோது, வேலையும் கல்லு மண்ணோட, வயித்துக்குள்ளயும் அதேவா என்று கணவன் சிரித்தான், டாக்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார், இவளும் சிரித்து வைத்தாள். இரும்புக்கு வலிக்கும் என்று யாரிடம் போய்ச் சொல்வது.

அதனால் நான்காம் மாடிக்கு வேண்டுமென்றேதான் கூட்டிப்போனாள். புதுத் தளம் இறுகுவதற்குத் தண்ணீர் விடுகிற க்யூரிங் நடக்கிறது, ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் சளசளவென்று ஊற்றிக்கொண்டே இருக்கிறது, இந்த சைட்டில் ஆசை தீரத் தண்ணீர் குடிக்கிற பெரிய மனுஷன் கான்கிரீட் ஒருவன்தான். பைப்புக்குப் பக்கத்திலேயே பெண்ணை நிறுத்தி வைத்துக்கொண்டு, உங்க வீட்டைப் பத்திச் சொல்லும்மா என்றாள். அப்பாவுக்குத் தையல் மிஷின், கண் மங்கிவிட்டது, அக்கா துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள், இது கிடைக்காவிட்டால் தானும் காலேஜை விட்டுவிட்டு அக்கா பக்கத்தில் போய் நிற்க வேண்டியதுதான் என்றது, சொல்லும்போதே முழங்கால்களை இறுக்கிக்கொண்டது, மேலுதட்டில் வியர்வை. பாவமாக இருந்ததா? இல்லை, பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. இந்தப் பெண்தான், இதேதான், கேட்கத் தெரியாத வாய், அடக்கத் தெரிந்த உடம்பு, காலத்துக்கும் இங்கேயே நிற்கும் என்று மனசு துள்ளியது.

கீழே வந்ததும் அந்தப் பெண் இவளிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக சைட் மேனேஜர் அறைக்குள் போனது. அந்தக் கடுகடு மனுஷன், இரண்டு காண்ட்ராக்டர்கள், கம்பி வேலைக்காரர்கள் என்று அறை நிறைய ஆண்கள். சார், பாத்ரூம் போகணும், எங்க இருக்கு என்று பளிச்சென்று கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. மனுஷன் பார்த்துக்கொண்டிருந்த வரைபடத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அந்த ஆணியில சாவி தொங்குது பாரும்மா. என் ரூமுக்குப் பின்னாடி. போயிட்டு அங்கேயே மாட்டிடு."

பெண் போன பிறகு, பின்னாலேயே வந்து வாசலில் நின்ற இவளைப் பார்த்து, "ஏன் மேடம், சாவி இருக்குன்னு நீங்க சொல்லலையா? பாவம், சின்னப் புள்ள" என்றார். இவள் காலி ஆணியைப் பார்த்தாள். அந்தச் சாவிதானே, இத்தனை வருஷமும் கண்ணெதிரே அதே ஆணியில்... அவருக்கு மட்டும்தான் என்று யார் சொன்னார்கள், யாருமே சொல்லவில்லையே, இவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா, அன்றைக்கு அந்த மேஸ்திரிக்கு முன்னால் கேட்டிருந்தால்? கொடுத்திருக்க மாட்டார், இப்போது காலம் மாறியிருக்கிறது, இந்தப் பெண்ணுக்கு விருந்தாளி என்று கொடுத்திருப்பார், அப்படித்தான் இருக்க வேண்டும், அப்படி இல்லையென்றால் மூன்று தடவை வந்த கல்லுக்கு என்ன அர்த்தம்...

பெண் முகம் கழுவிக்கொண்டு தெளிவாக வந்தது. "மேடம், மேல இன்னொரு தடவை போலாமா? முன்னாடி நீங்க சொன்னது எதுவுமே மண்டையில ஏறல" என்று சிரித்தது. அந்த நேரம் பார்த்து டைரக்டர் போன் செய்தார், என்னம்மா, இந்தப் பொண்ணாவது தேறுமா என்று. இவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள், ஏதோ சிமென்ட் லோடு விவகாரம் என்று நினைத்ததோ என்னவோ, அந்தப் பெண் மரியாதையாக ஒதுங்கி நின்றது.

"இல்ல சார். தாக்குப்பிடிக்காது."

அப்ப அடுத்த வருஷம்தான் பார்க்கணும், அதுவரைக்கும் நீங்களேதான் அங்க நிக்கணும், பரவாயில்லையா என்றார். பரவாயில்ல சார் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். வயிறு எரிந்திருக்க வேண்டும், கையில் வந்த டிசைன் ஆபீஸ் போயிற்றே... ஆனால் நெஞ்சில் எதுவோ சாவகாசமாக இறங்கி உட்கார்ந்தது, நிம்மதி மாதிரிதான் இருந்தது, இரும்பு மேடம் இன்னும் இவள் ஒருத்திதான். விடுதலைக்குத்தானே ஆள் தேடினோம், பின்னே இது எதற்கு வருகிறது, யாருக்காக வருகிறது... பெண் படிக்கட்டருகே காத்துக்கொண்டிருந்தது. வாம்மா, போலாம் என்று இவள் முன்னால் ஏறினாள்.