பசை இல்லாத ஸ்லீவ்

மல்பே துறைமுகத்துக் கடையில் தயானந்த குந்தர் இரண்டு ஸ்லீவ்களைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். சூடு காட்டினால் சுருங்கி, ஒயர் இணைப்பைக் கவ்விக்கொள்ளும் குழாய்கள். ஒன்றின் உள்ளே பசை உண்டு. உருகித் தண்ணீர் புகாமல் அடைத்துவிடும். ஆனால் அது பெரிய அளவு. முழுக்கச் சுருங்கினாலும் அவன் ஒயரில் தொளதொளவென்றுதான் நிற்கும். மற்றது சரியான அளவு, பசை இல்லை.

"உடுப்பி போயி சரியானதா வாங்கியாந்துடறேன் மச்சான்."

மச்சான் என்றது அக்கா கணவர் பாஸ்கர மெண்டனை; மீன்பிடிப் படகு அவருடையது. "ஒயருக்குக் கல்யாணச் சட்டையா தைக்கிறே? இருக்கறதப் போடுடா. படகுல ஏத்துன ஐஸ் உருகுது."

படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பின் ஒயர் அது. பசையில்லாததையே மாட்டி, லைட்டரால் சுருக்கினான்.

சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மத்தியானம், கரை கண்ணுக்கு மறைந்த பிறகு, எஞ்சின் அறை மூடியைத் திறந்தான். உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"மச்சான், பம்பு ஓடல!"

"சுவிட்சத் தட்டிப் பாருடா!"

"தட்டிட்டேன்!"

பாஸ்கரன் படகைக் கரைப்பக்கம் திருப்பினார்.

தயானந்தன் முழங்கால் நீரில் இறங்கினான். டீசல் நாற்றம் மூச்சை அடைத்தது. தொட்டதுமே இணைப்பு உதிர்ந்தது. ஸ்லீவுக்குள் செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. வெட்டினான். உப்புநீர் ஏறி உள்ளேயும் கறுப்பு. இன்னும் வெட்டினான். அங்கும் கறுப்பு. ஒயர் குட்டையாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் பேட்டரிப் பெட்டியை நெருங்கிவிட்டது. அது முழுகினால் பம்பு அதோடு சரி. ஈரக் கையில் கத்தி வழுக்கியது.

கடைசியில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் இரண்டு முனைகளும் இழுத்துப் பிடித்தால்தான் தொட்டன. முறுக்கக்கூட நீளமில்லை. பிடித்தான். பம்பு உறுமியது.

விட்டால் நிற்கும். பிடித்தபடியே நின்றான்.

"இருக்கியாடா?" மேலிருந்து பாஸ்கரனின் குரல் நடுங்கியது.

"இருக்கேன்."

மறுபடி மறுபடி அதே கேள்வி. ஒவ்வொரு அலைக்கும் விரல்கள் நழுவின, பம்பு விக்கியது, அக்காவின் முகம் கண்முன் வந்தது.

துறையில் கட்டிய பிறகு ஒயரைப் பிடித்தபடி விறைத்துப்போன அவன் விரல்களைப் பாஸ்கரன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். மறுநாள் அவரே உடுப்பிக்குப் போய்ப் புது ஒயரும் பசை ஸ்லீவும் வாங்கி வந்தார். தயானந்தன் சூடு காட்ட, இரு முனைகளிலும் பசை கசிந்து இறுகியது.

"மேல இன்னொண்ணு போடுடா."

"வேண்டாம் மச்சான், ஒண்ணே பிடிச்சிடும்."

"போடுங்கறேன்ல!"

போட்டான். மறுபடி கடலுக்குப் போனார்கள். தயானந்தன் மட்டும் எஞ்சின் அறைக்குள் இறங்கவில்லை. பம்பு ஓடுகிறதா என்று பாஸ்கரன் தானே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.