ஜெருஷா அத்தை வழியில் வைத்த பிஸ்கட்

வலது கையை வேதப் புத்தகத்தின்மேல் வைத்துச் சொல்கிறேன். இடது கையையும் வைக்கச் சொன்னால் அதையும் வைக்கிறேன். இங்கே நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் எங்கள் ஊர் லான்டர்ன் குன்று உருண்டு வந்து என் வீட்டுக் கதவின்மேல் உட்காரட்டும். குன்று இதுவரை அசையவில்லை என்பதை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் அரசாங்கம், அந்த மண்ணின் பூர்வகுடிகளான பீக்வாட் மக்களாகிய எங்களுக்கு ஒரு காப்பாளரை நியமித்திருந்தது. எங்களை எதிலிருந்து காப்பது என்று மட்டும் உத்தரவில் எழுத மறந்துவிட்டார்கள். அதனால் காப்பாளராக வந்த அமாசா பெல்டிங் தம்மால் முடிந்த எல்லாவற்றிலிருந்தும் எங்களைக் காத்தார். முதலில் எங்கள் மேய்ச்சல் நிலத்திலிருந்து காத்தார்; அதில் அவருடைய மைத்துனரின் மாடுகள் மேய்ந்தன. பிறகு எங்கள் விறகிலிருந்து காத்தார். அது அவருடைய அடுப்பில் எரிந்தது.

இதற்கெல்லாம் ஈடாக, சனிக்கிழமைதோறும் அவருடைய கடை வாசலில் போய் நின்றால் எங்களுக்கு மாவும் உப்புப் பன்றிக்கறியும் வெல்லப்பாகும் கிடைக்கும். மாவு மூட்டையை நாங்கள் சுமந்ததே இல்லை. உள்ளே இருந்த வண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தன. திருப்பங்களில் மட்டும் நாங்கள் வழி சொல்ல வேண்டும். வெல்லப்பாகில் தண்ணீர் கலப்பது அவர் வழக்கம். என் பங்கில் நான் ஒருமுறை மீன் பிடித்தேன். சின்ன மீன்தான். எதையும் பெரிதாக்கிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

ஓர் இலையுதிர் காலத்தில் மாவும் நின்றுபோனது. பதிலுக்குக் கப்பல் பிஸ்கட் வந்தது. திமிங்கில வேட்டைக்குப் போய்த் திரும்பிய கப்பல் ஒன்றில் மாலுமிகள் தின்ன மறுத்து மிஞ்சிய சரக்கு அது. அந்தக் கப்பலில் போய்வந்த எங்கள் அம்மோன் மாமா, கடை வாசலில் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாமா, தெரிஞ்ச பிஸ்கட்டா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? ஹார்ன் முனையைத் தாண்டுறப்போ இதைக் கடிச்சுதான் என் முன்பல்லு போச்சு. பாரு, இன்னும் இதுலயே நிக்குது."

நின்றது. மாமா அதைப் பிடுங்கி வாயில் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

அன்று எங்களோடு வந்திருந்தவள் ஜெருஷா அத்தை, என் அப்பாவின் அக்கா. கூடை பின்னுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவள் பின்னிய கூடையில் தண்ணீர் எடுத்து வருவோம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆகவே பால் எடுத்து வருவோம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். எங்கள் சதுப்பின் ஓரமாகக் கூடைமரங்கள் நின்றன. கணு இல்லாமல் நேராக வளரும் மரம் அது. வெட்டிக் கிடத்திக் கட்டையால் அடித்தால் தாள் தாளாகப் பிரியும். கோடையில் எங்கள் பெண்கள் கூடைகளை முதுகில் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவார்கள். சோளமாவும் துணியும் தேயிலையும் கொண்டு வருவார்கள். பெல்டிங்கின் கையைப் பார்க்காமல் எங்கள் வாய்க்குள் போனது அது ஒன்றுதான்.

பெல்டிங் பிஸ்கட்டை எங்கள் பைகளில் போட்டபடியே சொன்னார்:

"ஜெருஷா, சதுப்போரத்து மரத்தையெல்லாம் துடுப்பு செய்யிறவர் ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சு. வியாழக்கிழமை வண்டி வருது. அந்தப் பக்கம் போய் நிக்காதே, மரம் மேல விழுந்துடப்போகுது."

"யாரு மரம்?"

"உங்க மரம்தான். உங்க நன்மைக்குத்தான் விக்கிறேன்."

"எங்க மரம்னா எங்களைக் கேக்க வேணாமா?"

"சட்டப்படி நீங்கல்லாம் குழந்தைங்க மாதிரி. குழந்தைங்களைக் கேட்டா வீடு நடத்துறாங்க?"

"எனக்கு எழுபது முடிஞ்சாச்சு, ஐயா. இன்னும் எப்ப எனக்கு வயசு வரும்னு கோர்ட்டுல கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

"கூடை பின்னி என்னத்தைக் கண்டே? அதான் நான் ரொட்டி போடுறேனே."

அத்தை ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடைக் கதவில் ஒரு தட்டுத் தட்டினாள். கதவில் பள்ளம் விழுந்தது.

"இதுக்குப் பேரு ரொட்டியா? கூடை இருக்கிற வரைக்கும் இது வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு. மரம் போச்சுன்னா அந்த வாயும் உங்க கடையிலதான் கிடக்கும்."

பெல்டிங் சிரித்தார். அவர் அடிக்கடி சிரிப்பார். வாயில் இருந்தது பாஸ்டனில் செய்து வாங்கிய பல்வரிசை. நீர்யானைத் தந்தத்தில் இழைத்தது. வாங்கிய விலைக்கு அதை மூடி வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

வீடு திரும்பும் வழியில் ஒரு பாறைக்கும் குளத்துக்கும் நடுவே பாதை குறுகும். சதுப்புக்கு வண்டி போக வேண்டுமானாலும் அதுதான் வழி. அங்கே ஒரு கற்குவியல் உண்டு. எங்கள் முன்னோரில் ஒருவர் செத்து விழுந்த இடம். அவ்வழியாகப் போனால் ஒரு கல்லோ ஒரு கிளையோ வைத்துவிட்டுத்தான் போவோம். ஏன் என்று வெளியார் கேட்டால் சொல்ல மாட்டோம். வைத்ததை எவரும் எடுப்பதில்லை.

அத்தை கல் தேடினாள். அத்தனை காலமாக அத்தனை பேர் பொறுக்கி வைத்ததில் சுற்றுவட்டாரத்தில் கல்லே மிச்சமில்லை. அவள் பைக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்தாள்.

"என்ன ஜெருஷா இது? செத்தவங்களுக்குப் போய் இதை வைக்கலாமா?" என்றார் அம்மோன் மாமா.

"கல்லுதானே வைக்கணும்? இது கல்லு இல்லேன்னு நீ சொல்லு, பைக்குள்ளயே போட்டுக்கறேன்."

மாமா தன் பையிலிருந்த பிஸ்கட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். நேர்மையான மனிதர். அதையும் குவியலில் வைத்தார். நானும் வைத்தேன்.

அந்தப் பேச்சு எப்படிப் பரவியதோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த வழியாக நடந்தார்கள். போகும்போது ஒரு பிஸ்கட் வைத்தார்கள், வரும்போது ஒன்று வைத்தார்கள். வேலை எதுவும் இல்லாமலே போய்வந்தார்கள். பிறகு நார்விச் நகரத்தில் வீட்டு வேலை செய்த பெண்கள் வந்தார்கள். துறைமுகத்தில் கரையேறிய எங்கள் மாலுமிகள் வந்தார்கள். இனத்தில் மிச்சமே இல்லை, நாலைந்து கிழங்கள்தான் என்று பெல்டிங் கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த நாலைந்து கிழங்களும் வரிசையில் நின்று முடிக்க மூன்று நாள் ஆனது.

புதன்கிழமை மழை பெய்தது. அந்த பிஸ்கட்டுகள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நனைந்து ஊறின. பூசணிக்காய் அளவுக்கு வீங்கின. பிறகு வண்டிச் சக்கரம் அளவுக்கு வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அன்றிரவு உறைபனி விழுந்தது. விடிந்தபோது பாறையிலிருந்து குளம்வரை ஒரே சுவர். உயரத்தைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. உச்சியில் ஒரு பருந்து கூடு கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பெல்டிங்கும் துடுப்புக்காரரும் மாட்டு வண்டிகளோடு வந்தார்கள். சுவருக்கு முன்னால் அத்தை ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் நாங்கள் எல்லாரும் நின்றோம்.

"இது என்னம்மா?" என்று கேட்டார் துடுப்புக்காரர்.

"சாப்பாடு, ஐயா. இவரு எங்களுக்குப் போட்டது."

"உடைங்கடா அதை," என்றார் பெல்டிங்.

முதல் வண்டிக்காரன் கோடாரியை ஓங்கிப் போட்டான். கோடாரியின் வாய் காகிதம் மாதிரி மடங்கியது. இரண்டாவது வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டு, வண்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து சுவரோரமாக வைத்தான்.

"நீ என்ன பண்றே?"

"எங்க அப்பா காலத்துல இருந்தே இந்தப் பக்கம் வந்தா வைக்கிறதுதான், ஐயா. மாடு நொண்டாது."

பெல்டிங்கின் முகம் சிவந்தது. "இது சாப்பாடே இல்ல. வெறும் கல்லு. கல்லை அடுக்கி வழியை மறிக்கிறாங்க."

அத்தை பின்னுவதை நிறுத்தவில்லை. "கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? நமக்கு இத்தனை நாளும் கல்லைத்தான் போட்டாராம். அவரு வாயாலயே சொல்றாரு."

"சாப்பாடுதான்! நல்ல சாப்பாடு!"

"அப்ப ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க. எப்படின்னு நாங்களும் பார்த்துக் கத்துக்கறோம். குழந்தைங்கதானே."

துடுப்புக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார். "கடிங்க பெல்டிங். உங்க பேச்சை நம்பி மரம் வாங்க வந்தவன் நான். பேச்சு எவ்வளவு கெட்டின்னு பார்த்துடறேன்."

வேறு வழி இல்லை. பெல்டிங் குனிந்து சுவரில் வாயை வைத்துக் கடித்தார். தலையைப் பின்னால் இழுத்தார். தலை வந்தது. பல் வரவில்லை. மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக அது சுவரிலேயே நின்றது.

எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே சிரித்துக்கொண்டிருந்தது அந்தப் பல் மட்டும்தான்.

அவர் அதைப் பிடுங்கக் கையை நீட்டினார். நாங்கள் எல்லாரும் ஓர் அடி முன்னால் வந்தோம். அத்தை அப்போதுதான் கூடையைக் கீழே வைத்தாள்.

"இங்க வச்சதை எடுக்கிற வழக்கம் இல்ல, ஐயா. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் எங்க செத்தவங்களுக்கு நீங்க ஒரு மரியாதை செஞ்சிருக்கீங்க. அதைக் கெடுத்துக்காதீங்க."

பெல்டிங் என்னவோ ஆணையிட்டார். சுவரைக் காட்டினார், மரங்களைக் காட்டினார், வானத்தைக்கூடக் காட்டினார். வந்ததெல்லாம் காற்று. வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குழந்தை ஏதோ சொல்லுது," என்றாள் அத்தை. "பல்லு முளைக்கட்டும், கேட்டுக்கலாம்."

துடுப்புக்காரர் வண்டிகளைத் திருப்பச் சொன்னார். "சொந்தப் பல்லைக் காப்பாத்த முடியாதவருகிட்ட நான் எப்படி மரம் வாங்குறது?" என்றவர், போவதற்குமுன் ஒரு கல்லைத் தேடி எடுத்து மரியாதையாக வைத்துவிட்டுப் போனார்.

பெல்டிங் விடவில்லை. பல்லைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் நன்றாக விசாரித்து, குவியலில் இருப்பதெல்லாம் பீக்வாட் மக்களின் சொத்து, அதிலிருந்து எதுவும் களவு போகாமல் காப்பாளர் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. மழையிலும் வெயிலிலும் குடை பிடித்துக்கொண்டு அவர் அந்தப் பல்லுக்குக் காவல் நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் காப்பாளராக அவர் ஒழுங்காகப் பார்த்த ஒரே வேலை அதுதான்.

மறு சனிக்கிழமையிலிருந்து எங்களுக்கு வெள்ளை மாவும் குழைய வெந்த அவரையும் வந்தன. அவருக்கே இப்போது கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. அவர் பானையில் வெந்ததே எங்கள் பானையிலும் வெந்தது. அத்தை மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இருந்தாலும் நான் கூடையை விடப்போறதில்ல. இவருக்குப் புதுப்பல்லு வந்துட்டா என்ன பண்றது?"

விடவும் இல்லை. வசந்தம்தோறும் அவள் கூடைமரத்தைக் கட்டையால் அடிக்கும் ஓசை குளத்தைத் தாண்டி பெல்டிங்கின் கடைவரை கேட்கும். வேண்டுமென்றே கொஞ்சம் ஓங்கித்தான் அடிப்பாள். அவள் சாகும்வரை அந்த மரங்களில் வெளியாள் எவன் கோடாரியும் படவில்லை. அவளுக்குப் பிறகும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இன்றும் நான் ஒரு கல் வைக்கிறேன்.

இப்போது வேதப் புத்தகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு ஒன்று சொல்கிறேன்: சதுப்போரத்துக் கூடைமரங்களைத் துடுப்புக்காக ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்துப்போனது நான் பிறப்பதற்கு முந்தின வருடம்.