குடும்ப நிம்மதிக்கு நாற்பது புள்ளி

உதயரூபனின் இறால் பண்ணை செட்டிபாளையத்தில் வாவிப் பக்கமாக இருக்கிறது. போன வருடம் ஒரு விடியற்காலையில் அங்கிருந்த இறால் முழுவதும் செத்து மிதந்தது. இறாலுக்கும் மூச்சு வேண்டும். விடிவதற்குச் சற்று முன்னர்தான் குளத்துத் தண்ணீரில் காற்று ஆகக் குறைந்து போகும். அந்த நேரத்தில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் சுழன்றே ஆகவேண்டும். அன்றைக்குக் கரண்ட் போனது. தானாக ஓடவேண்டிய ஜெனரேற்றர் ஓடவில்லை. இதையெல்லாம் கவனிப்பதற்கென்றே சுவரில் மாட்டியிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும், எல்லாம் சுகம் என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

விற்றவர் மரியாதையான மனிதர் என்பதற்காக வாங்கிய பெட்டி அது. இந்த முறை அப்படி வாங்குவதில்லை என்று முடிவெடுத்த உதயரூபன், தேற்றாத்தீவுக்குப் போய்க் கம்சாயினியைக் கண்டார்.

கம்சாயினி கொழும்பில் ஒரு கம்பனியில் பல வருடம் வேலை செய்தவள். ஆஸ்பத்திரி இயந்திரங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவை எங்கே பழுதாகும் என்று தேடிப் பார்ப்பது அவளுடைய வேலை. அவளுடைய அம்மா அதை அயலவர்களுக்கு, “கொழும்பில சாமான் உடைக்கிற உத்தியோகம்” என்றுதான் சொல்லிவைத்திருந்தார். கம்பனி தன் கிளையை மூடிவிட்டதால் ஊருக்கு வந்திருந்தாள்.

நல்ல பெட்டி ஒன்று எடுத்துத் தந்தால் போதும் என்றார் உதயரூபன். நல்லது என்றால் என்ன என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி அவருக்குக் கொஞ்சம் குசும்பாகப் பட்டது. செத்துப்போகாத பெட்டி என்றார்.

“பெட்டி செத்தாப் பரவாயில்ல உதயண்ணன். இறால் சாகப்படாது. ரெண்டும் வேற வேற விசயம்,” என்றாள் அவள்.

முதல் கூட்டம் பண்ணையில் தீன் மூட்டை அடுக்கும் அறையில் நடந்தது. உதயரூபனோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நிலோஜன், உதயரூபனின் மனைவி புஸ்பத்தின் தம்பி. கல்லடியில் கடை வைத்து, இதே மாதிரிப் பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்பவன். மற்றவர் காத்தான்குடி றவூப், பண்ணையின் வயர் வேலை எல்லாம் பார்ப்பவர்.

கம்சாயினி அங்கிருந்த கரும்பலகையை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம், பேரமே பேச முடியாதவை. கரண்ட் போனால் சக்கரம் சுழலவேண்டும். கரண்ட் போனாலும் சக்கரம் நின்றாலும் ஒரு மனிதருக்குச் செய்தி போகவேண்டும். குளத்தின் நிலை பெட்டிக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று அது சொல்லவேண்டும். எந்த ஒரு கோளாறும் குளம் முழுவதையும் குருடாக்கக்கூடாது. கடைசி விதியை எழுதும்போது அவளுடைய குரலில் ஒரு பெருமை இருந்தது. நிலோஜனுக்கோ மூன்றாவது விதியைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. தெரியாது என்று சொல்லும் பெட்டியை யார் காசு கொடுத்து வாங்குவான் என்று கேட்டான்.

மற்றப் பக்கம், கூட்டிக் குறைத்துப் பார்க்கக்கூடியவை. விலை, உப்புக் காற்றைத் தாங்கும் பலம், மட்டக்களப்பிலேயே திருத்த முடியுமா என்பது, இப்படி. மொத்தம் நூறு புள்ளி. எதற்கு எத்தனை என்பதைப் பெட்டிகளின் பெயரைப் பார்க்குமுன்பே முடிவு செய்யவேண்டும் என்றாள்.

“பொண்ணப் பாக்காம சாதகம் பாக்கிற மாதிரியா?” என்று கேட்டார் உதயரூபன்.

“ஓம். ஆனா இந்தச் சாதகத்தத் திருத்தி எழுத ஏலா.”

எழுதி முடித்துப் பெட்டிகளின் விபரங்களைப் பிரித்துப் புள்ளி போட்டுப் பார்த்தபோது நிலோஜனின் பெட்டி இரண்டாவதாக வந்திருந்தது. அன்றிரவு உதயரூபனின் வீட்டில் சோறு இருந்தது, கறி இருந்தது, பேச்சு மட்டும் இருக்கவில்லை. அடுத்த நாள் வந்து, புள்ளிகளைக் கொஞ்சம் அசைக்கலாமா என்று கேட்டார். கடை பக்கத்தில் இருப்பதற்குப் புள்ளி கூட்டலாமே என்றார். பெட்டியின் நிறத்தையும் பார்க்கவேண்டும் அல்லவா என்றார். கம்சாயினி எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மூட்டையொன்றில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார்.

“வீட்டில நிம்மதி வேணும் தங்கச்சி.”

அவள் சோக்கட்டியை அவரிடம் நீட்டினாள். அதுவும் ஒரு காரணம்தான், அப்படியே எழுதுங்கள் என்றாள். அவர் பலகையில் ‘குடும்ப நிம்மதி’ என்று எழுதிவிட்டு, வாவியைப் பார்த்தபடி நின்று, பக்கத்தில் நாற்பது போட்டார்.

“நானெண்டா அறுவது போடுவன்,” என்றார் றவூப்.

மற்றவற்றிலிருந்து நாற்பதைக் கழித்துக் கூட்டிப் பார்த்தார்கள். நிலோஜனின் பெட்டி வென்றது. படித்த பெண்ணை மச்சான்காரன் மடக்கிவிட்டான் என்று ஊரில் கதை வந்தது. அவளுடைய அம்மாவுக்கே அவமானமாக இருந்தது. கம்சாயினிக்கு இல்லை. மறைத்து வைக்கிற காரணத்தோடுதான் தனக்குச் சண்டை, பலகையில் எழுதிவிட்டுச் செய்கிற பிழையைத் திருத்தலாம் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினாள். அதோடு, முதல் பக்கத்து நாலு விதிக்கும் புள்ளியே கிடையாது. மச்சானுடைய பெட்டியானாலும் மாமாவுடைய பெட்டியானாலும் அவற்றைத் தாண்டியே ஆகவேண்டும்.

தாண்டுகிறதா என்று பார்க்க ஒரு பகலை ஒதுக்கினாள். உடைக்கும் பொறுப்பை றவூப்பிடம் கொடுத்தாள். தொழில் தொடங்கிய நாளிலிருந்து எதையாவது உடைத்துவிட்டதாக ஏச்சு வாங்கியே பழகிய மனிதர், உடைப்பதற்கென்றே கூப்பிட்டதும் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி மெயின் சுவிட்சை இறக்கினார்.

சக்கரங்கள் நின்றன. ஜெனரேற்றர் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது. சக்கரங்கள் திரும்பவும் சுழன்றன. உதயரூபன் கைதட்டினார். ஆனால் ஒருவருடைய போனும் சத்தம் போடவில்லை. பெட்டி செய்தி அனுப்புவது அலுவலக அறையில் இருந்த ரவுட்டர் வழியாக, அந்த ரவுட்டரோ ஜெனரேற்றரோடு இணைக்கப்படாத வயரில் இருந்தது. கரண்ட் போய்விட்டது என்று சொல்வதற்குக் கரண்ட் தேவைப்பட்டது.

கரண்ட் இருக்கிற நேரம் இந்தப் பிரச்சினை வராது என்றான் நிலோஜன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தான் சொன்னது அவனுடைய காதிலேயே விழ, ரவுட்டருக்கு ஒரு பற்றரி எடுத்துவரக் கல்லடிக்குப் புறப்பட்டான்.

பின்னேரம் றவூப் தண்ணீரின் காற்றை அளக்கும் சென்சர்கள் இரண்டையும் குளத்துக்குள்ளிருந்து தூக்கி, வயரைக் கழற்றிக் கருவாடு மாதிரி வேலியில் தொங்கப் போட்டார். பெட்டியின் திரையில் இருந்த எண் அசையவேயில்லை. கடைசியாகத் தெரிந்த நல்ல எண்ணை அது பிடித்துவைத்துக்கொண்டு காட்டியது. நிலோஜன் பெட்டி செய்த கம்பனிக்குப் போன் எடுத்தான். வாடிக்கையாளர் பதறாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருப்பதாக அவர்கள் சொன்னார்கள். போனை வைத்தபோது அவனுடைய முகம் சிவந்திருந்தது. மூன்றாவது விதிக்குச் சிரித்தவன் அவனே. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் அந்தக் கம்பனிக்காரரைத் தூங்கவிடாமல் விரட்டி, தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லும்படி பெட்டியை மாற்றி எடுத்தான். அதன் பிறகு ஆள் வேறாகிவிட்டான். எதைக் கண்டாலும் இது எப்படிப் பழுதாகும் என்று கேட்கத் தொடங்கினான்.

இரண்டாவது முறை சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. இறால் குஞ்சு ஏற்றிய லொறி அடுத்த நாள் காலையில் வருவதாக இருந்தது. உதயரூபன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் இளநீர் வெட்டினார். அப்போது றவூப் குளத்தங்கரையில் குந்தியிருந்து வயர் வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார்.

“தங்கச்சி, இந்த வயரையும் வெட்டிப் பாக்கட்டா?”

வெட்டுங்கள் என்றாள் கம்சாயினி. வெட்டினார். இரண்டு சென்சர்களும் ஒன்றாகச் செத்தன. பெட்டி நேர்மையாகத் ‘தெரியாது’ என்றது. குளம் முழுவதும் குருடு.

ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கட்டும் என்று இரண்டு சென்சர் வாங்கவைத்தவள் கம்சாயினி. அவற்றை எங்கே நடுவது, வயர் எப்படிப் போவது என்று படம் கீறிக் கொடுத்தவளும் அவள்தான். இரண்டையும் ஒரே கம்பத்தில் கட்டி, ஒரே வயரில் கொண்டுவந்திருந்தாள். உதயரூபன் சிரித்த சிரிப்பில் இளநீர் மூக்கில் ஏறியது. நாலாவது விதியை அவள் சொன்ன அதே குரலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கம்சாயினிக்குக் காது இரண்டும் சுட்டது. வயரை இப்போதே ஒட்டிவிடலாம், நாளைக்குக் குஞ்சை விட்டுவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் பலகைக்குப் போய், நாலாவது விதிக்கு எதிரே ‘தேறவில்லை’ என்று எழுதினாள். சிரிப்பு நின்றது.

லொறி வருகிறதே என்றார் உதயரூபன். வரட்டும், குளத்துக்குள் விட முடியாது என்றாள்.

“பிழை உங்கட. தண்டன எனக்கா?”

“என்ட பிழை எண்டத்துக்காக அது சின்னப் பிழை ஆகாது உதயண்ணன்.”

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்மன் கோவிலுக்குப் போனார். பெரிய முடிவென்றால் அங்கே பூக்கட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கம். வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் ஆகாது. திரும்பி வந்தபோது கையில் வெள்ளைப் பூ இருந்தது. அம்மன் ஓம் என்று சம்மதம் சொல்லிவிட்டார் என்று அறிவித்தார்.

“அப்ப அம்மனே வந்து கையெழுத்துப் போடட்டும்,” என்றாள் கம்சாயினி.

இது தன்னுடைய பிரிவு இல்லை என்பதுபோல றவூப் வாவியைப் பார்த்தபடி நின்றார். தேத்தண்ணி கொண்டுவந்த புஸ்பம்தான் வாய் திறந்தார். அம்மனிடம் என்னவென்று கேட்டீர்கள் என்றார். குஞ்சை விடவா என்று கேட்டதாக உதயரூபன் சொன்னார்.

“வயர் வெட்டின கதையச் சொன்னீங்களா?”

அவர் சொல்லியிருக்கவில்லை.

“பாதியச் சொல்லிக் கேட்டா அவ என்ன செய்வா? வெள்ளப் பூவத்தான் தருவா.”

உதயரூபன் தேத்தண்ணியை ஆறவைத்துக் குடித்தார். பிறகு குஞ்சுக்காரருக்குப் போன் எடுத்து, லொறியை வேறொரு பண்ணைக்குத் திருப்பிவிட்டார். இரண்டாவது சென்சருக்குக் குளத்தின் எதிர் மூலையில் தனிக் கம்பம் நட்டு, தனி வயர் இழுத்து முடியும்வரை கம்சாயினியோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வயரைப் புதைக்கக் கான் வெட்டியபோது அவளும் மண்வெட்டி பிடித்தாள். அடுத்த சோதனையில் நாலு விதியும் தேறின. குஞ்சு வந்தது. இறால் வளர்ந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் நிலோஜன் நல்ல பெயர் எடுத்திருப்பான். புது ஞானம் வந்த உற்சாகத்தில் அவன் பெட்டியை எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை அனுப்பவைத்தான். தண்ணீர் கொஞ்சம் சூடானால் போன் அலறியது. சக்கரத்தில் பாசி சுற்றினால் அலறியது. சென்சர்க் கம்பத்தில் நீர்க்காகம் குந்தினாலும் அலறியது. ஒரு செத்த வீட்டில், சவம் எடுக்கிற நேரம் பார்த்து உதயரூபனின் சட்டைப் பையில் அலறியது. அன்றைக்கே அவர் போனின் வாயை அடைத்து அலுமாரிக்குள் போட்டார்.

மழை பிடித்த ஒரு விடியலில் சக்கரங்களுக்குப் போகும் சுவிட்ச் தானாக விழுந்து, அவை நின்றன. பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. செய்தி மூன்று பேருக்குப் போனது. உதயரூபனின் போன் அலுமாரியில் உறங்கியது. றவூப் பள்ளிவாசலில் சுபஹுத் தொழுகையில் நின்றார். மூன்றாவது போன் கம்சாயினியுடையது. ஸ்கூட்டியில் நனைந்து வந்து உதயரூபனின் வீட்டு வாசல் படலையில் கல்லால் அடித்தாள். உதயரூபன் உடுத்திருந்த சாரத்தோடு ஓடிவந்து, காரணம் கேட்காமலே குளத்துக்கு ஓடி, தன் கையாலேயே சுவிட்சை ஏற்றினார். ஒரு மூலையில் கொஞ்ச இறால் போனது. மற்றவை தப்பின. அவர் அந்த மூலையில் குந்தியிருந்து, செத்தவற்றை ஒவ்வொன்றாகக் கூடைக்குள் போட்டார். கம்சாயினி பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

அன்று பின்னேரம் பலகையில் ஐந்தாவது விதி ஏறியது: எழும்பி ஓடத் தேவையில்லாத எதற்கும் போன் அடிக்கக்கூடாது. நீர்க்காகம் வரையிலான எச்சரிக்கைகளை நிலோஜன் மனவருத்தத்தோடு அழித்தான். உதயரூபன் எடுக்காவிட்டால் செய்தி புஸ்பத்துக்குப் போகும்படி மாற்றினார்கள். உதயரூபனையும் பெட்டியின் ஒரு பாகமாகச் சேர்த்து, சொல்லாமல் கொள்ளாமல் சோதிப்பதென்றும் முடிவானது. அதற்கு அவர் சம்மதித்தார், எப்போது என்று தெரியாததால்.

முதல் சோதனையில் அவர் தேறவில்லை. கலியாண வீடொன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புஸ்பம்தான் வந்து சேர்ந்தார்.

இரண்டாவது முறை போன் அடித்தபோது அவர் சலூனில் இருந்தார். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மற்றதில் நுரை. துவாயைக் கழற்றாமலே மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் றவூப் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு நின்றார். கம்சாயினி நேரத்தைப் பார்த்தாள்.

“தேறிட்டீங்க,” என்றாள்.

உதயரூபன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்ல வாயெடுத்து, றவூப்பைப் பார்த்து, விழுங்கிவிட்டார். திரும்பிச் சலூனுக்குப் போனபோது அவருடைய நாற்காலியில் வேறொரு ஆள் தலை குனிந்திருந்தார். நுரை காய்ந்து இழுக்க, சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தார்.