அரக்கும் குங்கிலியமும்

“தௌக்கே! என் பேனாவ ஒட்டியாச்சா, இல்ல நீங்களே கட்டிலோட ஒட்டிக்கிட்டீங்களா?”

பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கியபடியே காளியப்பக் கிராணி போட்ட சத்தத்தில், பத்து பாகாட் கடைத்தெருவில் அந்தப் பேனாக் கடை வாசலில் நின்றிருந்த அத்தனை தலைகளும் திரும்பின. யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர் அவர். அப்போதுதான் சுவரோரம் இருந்த, சவத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி அவர் கண்ணில் பட்டது. சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று.

“அலமாக்... யாரு?”

“அண்ணன்தான்,” என்றான் கடை முதலாளியின் தம்பி சுப்ஹான். “குளிர்காய்ச்சல். சுபுஹு தொழுகைக்கு முன்னாடி மவுத்தாயிட்டாங்க.”

மைப்புட்டியின் விலையைச் சொல்வதுபோல இருந்தது அவன் குரல். காலையிலிருந்தே அப்படித்தான். மையித்தைக் குளிப்பாட்டும்போது அவன்தான் தண்ணீர் ஊற்றினான். அண்ணனின் நகக்கண்ணில் பேனா கடையும் எபோனைட் தூள் கறுப்பாக அப்பியிருந்தது. தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. விட்டுவிட்டான். இப்போது கபன் துணியும் கட்டியாயிற்று. பள்ளிவாசல் லெப்பை வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பகல் அசர் தொழுகைக்குச் சந்தூக்கு அங்கே இருக்க வேண்டும்.

உள்ளே, திரைக்குப் பின்னால் அண்ணன் மனைவி ரம்ஜான் பீவி உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை, வாயில் ஒரு வார்த்தை இல்லை.

“அழுதுரு புள்ள, நெஞ்சு அடைச்சிரும்,” என்று பக்கத்து வீட்டுப் பரக்கத் நிஷா கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் கொண்டுவந்து வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

லெப்பை சைகை காட்டினார். தூக்குவதற்கு முன்பு கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். சுப்ஹான் வாசற்படியில் ஏறி நின்றான்.

“எங்க அண்ணன் நைனா முகம்மது யாருக்காச்சும் எதாச்சும் குடுக்க வேண்டியது, செய்ய வேண்டியது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் பொறுப்பு. அவங்கள சுமையோட அனுப்பக் கூடாது.”

இல்லையென்று தலைகள் ஆடின. காளியப்பக் கிராணி மட்டும் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“என்ன கிராணி?”

“ஒண்ணுமில்ல லா, தம்பி. அந்தப் பேனா... கிளிப்பு கழண்டு கழண்டு விழுது. இன்னிக்கு வாங்க, ஒட்டி வைக்கிறேன்னாரு. அதப் போயி இப்ப... விடுங்க. நான் விட்டுட்டேன்.”

முந்தின நாள் மாலை சுப்ஹானின் நினைவுக்கு வந்தது. பல் கிட்டிய அந்தக் குளிரிலும் அண்ணன் சொன்னது அது ஒன்றுதான். ‘கிராணி வருவாரு. பேனா தயாரா இருக்கணும்டா.’ அதற்குமேல் அவர் பேசவில்லை.

“நீங்க விட்டாலும் நான் விட மாட்டேன்,” என்றான் சுப்ஹான், தெருவுக்கே கேட்கும்படி. “பேனா உங்க கைக்கு வந்த பொறவுதான் சந்தூக்கு நகரும்.”

லெப்பைக்கு இது பிடிக்கவில்லை. “எவ்வளவு நேரமாகும்பா?”

“அரக்குதானே லெப்பை. ஒரு வெத்தல போடுற நேரம்.”

கடைசல் மேசைமேல் பேனா கிடந்தது. அண்ணன் தன் கையால் கடைந்தது. சுப்ஹான் விளக்கை ஏற்றி, அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டினான். கிராணி பின்னாலேயே வந்து நின்றார்.

“ரெண்டு தடவ அரக்குதான் போட்டாரு. காட்டு வெயில்ல மர நிரை பாக்கப் போனா, மத்தியானத்துக்குள்ள இளகி, கிளிப்பு பையில கெடக்கும். பரவாயில்ல, ஒட்டுங்க. நான் நெழல்லயே நடக்குறேன்.”

அரக்கு இளகி நுனியில் திரண்டது. சொட்டப்போகும் நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அரக்கு வேணாம், தம்பி.”

விடிந்ததிலிருந்து ரம்ஜான் பீவி பேசிய முதல் வார்த்தை.

“பேனாவ இங்க குடுங்க. அந்தத் தகர டப்பாவையும்.”

டப்பாவில் இருந்தது தோணிப் பலகை இடுக்கை அடைக்கும் கலவை. குங்கிலியத் தூளையும் சுண்ணாம்பையும் எண்ணெயில் குழைத்து வைத்தது. கூரை ஒழுகினால் எடுப்பார்கள். பேனாவுக்கு அண்ணன் அதைத் தொட்டு சுப்ஹான் பார்த்ததில்லை. ஆனால் இந்தக் கடையில் பசை காய்ச்சுவதும், ஒட்டியதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதும் எப்போதும் மைனிதான். அவன் மறுபேச்சில்லாமல் இரண்டையும் நீட்டினான். திரைக்குக் கீழே ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் பேனா திரும்பி வந்தது. கிளிப்பின் அடியில் கலவை பிதுங்காமல் வழித்து, மேலே நூல் சுற்றியிருந்தது.

“பார்த்தாலே தெரியுது. இனி எந்த வெயிலும் ஒண்ணும் செய்யாது,” என்று கிராணி கை நீட்டினார்.

“ஆச்சாப்பா? தூக்கலாமா?” என்றார் லெப்பை. நான்கு பேர் சந்தூக்கின் பக்கம் போனார்கள்.

சுப்ஹான் திரையைப் பார்த்தான். “மைனி, கிராணிகிட்ட குடுத்துறவா?”

“ஈரமா இருக்கு தம்பி, காஞ்சாத்தான் குடுக்கணும். அது காய விடிஞ்சிரும். நீங்க சொன்னபடி, அதுவரைக்கும் உங்க அண்ணன் இங்கயே இருக்கட்டும்.”