இடது கதவின் நிறம்

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், மாடியறையில், வளர்மதி சின்னக் கார்கள் செய்துகொண்டிருந்தாள். காலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, மதியத்துக்கு மேல் இது. துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, இடைவெளியில் மக்கு பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கேட்பவரின் நிஜக் காரைப் போலவே பெயின்ட் அடித்துக் கொடுப்பாள். கல்யாணப் பரிசுக்கென்று ஆட்கள் போட்டோ அனுப்புவார்கள்.

தாண்டவராயன் போட்டோ இல்லாமல் வந்தார். அவலூர்பேட்டைக்காரர், நெல் மண்டியில் மூட்டை எடை போடுகிறவர்.

"இன்னா கார்ங்க ஐயா?"

"தெரியலம்மா. நா சொல்லச் சொல்ல நீ செய்யி."

"உங்க காரா?"

"எம் பொண்ணு கடைசியா பாத்த கார்."

தை மாதம், சிங்கவரம் போகும் சாலையில், பனி விலகிக்கொண்டிருந்த காலையில், சைக்கிளில் போன அவர் மகள் சுவாதியை ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. இல்லை, நின்றது. ஓட்டியவன் இறங்கி, குனிந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிக்கொண்டான். கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். முகம் தெரியவில்லை. நம்பரும் தெரியவில்லை.

"வாயால கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதுங்க. கண்ணு முன்னால வெச்சா இதுதான்னு சொல்லிடுங்கல்ல? அப்புறம் நா தேடிக்குவேன்."

"தேடி?"

அவர் மேசைமேல் இருந்த சின்னச் சக்கரம் ஒன்றை எடுத்து விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று சொன்னார். வளர்மதி கொடுத்தனுப்பிய படங்களில் அந்தப் பெண்கள் ஒன்றைத் தொட்டார்கள், குட்டையான பின்பக்கம் உள்ள கார். அடுத்த வாரம், சாம்பல் நிறம். அதற்கடுத்த வாரம், மேலே சாமான் கட்டும் கம்பி. அவள் மெல்லிய கம்பியை வளைத்து ஒட்டினாள். அறையில் ஒரு கார் கொஞ்சம் கொஞ்சமாக வந்து நிற்பது போலிருந்தது. வேலை முடிந்தபின் அதன்மேல் துணி போட்டு மூடி வைக்கப் பழகியிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தாவது வெள்ளி அவர் சொன்னார்: "பின்னாடி எடது கதவு மட்டும் வேற மாதிரி இருந்துச்சாம். சாம்பல்தான், ஆனா கொஞ்சம் நீலம் ஓடுது."

அன்று மதியம் கிண்ணத்தில் சாம்பலைக் கலந்து, நீலத்தை ஒவ்வொரு சொட்டாக விட்டாள். நான்காவது சொட்டில் கை நின்றது. இந்த நிறத்தை அவள் ஏற்கெனவே ஒருமுறை கலக்கியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் டிராக்டர் டிப்பர் இடித்து அண்ணன் ரஞ்சித்தின் சாம்பல் காரின் பின்பக்க இடது கதவு நசுங்கியபோது, பழைய கதவு ஒன்றை வாங்கி மாட்டினார்கள். அதற்கு நிறம் கலந்தவள் அவள்தான். நீலம் கூடிப்போய்விட்டது. ரஞ்சித் மாதக்கணக்கில் கேலி செய்தான். அந்தக் காரை அவன் தை முடிவதற்குள் விற்றுவிட்டான். இன்ஜின் சரியில்லை என்றான்.

வளர்மதி அந்தக் கிண்ணத்தைக் கழுவினாள். கதவுக்கும் மற்ற பாகங்களின் சாம்பலையே அடித்தாள்.

அடுத்த வெள்ளி தாண்டவராயன் காரைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார். மறுநாள் மத்தியானமே திரும்பி வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். காரை மேசைமேல் வைத்தார்.

"மூணு பேருமே பாத்தவொடனே இதுதான்னு சொல்லிட்டாங்க. ஒருத்தி அழுதுட்டா. கதவு மட்டும் இது இல்லன்னாங்க."

வளர்மதி காரின் பக்கம் பார்க்காமல் தூரிகையைத் துடைத்தாள்.

"கம்பி சொன்னேன், செஞ்ச. நெறம் சொன்னேன், செஞ்ச. கதவ மட்டும் ஏம்மா மாத்துன?"

"தவறிடுச்சுங்க ஐயா."

"உனக்குத் தவறாது." அவர் குரல் உயரவில்லை. நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டு உட்கார்ந்தார். "யாரும்மா?"

கீழே பைக் வந்து நின்றது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. "மதி, சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டே ரஞ்சித் உள்ளே வந்தான். வந்தவன் மேசைமேல் இருந்த காரைப் பார்த்தான். அப்புறம் பெரியவரைப் பார்த்தான். ஒரு அடி பின்வாங்கினான். அவன் முதுகு மெதுவாகச் சுவரில் சாய்ந்தது.

தாண்டவராயன் எழுந்தார். வளர்மதி நடுவில் வந்து நின்றாள். அவர் அவளைத் தள்ளவில்லை. அவள் தோளுக்கு மேலாக அவனிடம் கேட்டார்.

"குனிஞ்சு பாத்தியே. ஏதாவது சொன்னாளா?"

ரஞ்சித்தின் கண் மறுபடி மேசைமேல் இருந்த காருக்குப் போனது.

"ஆறு மாசமா இது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். சொல்லு."

"தண்ணி கேட்டா." ரஞ்சித் தரையில் உட்கார்ந்துவிட்டான். "வண்டில இருந்துச்சு. பயந்துட்டேன்."

தாண்டவராயனின் கை விரல்கள் மடங்குவதையும் விரிவதையும் வளர்மதி பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி, கத்தி, ஊசி எல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தன. அவர் காரை எடுத்தார். துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் பஸ் ஏறும் பக்கம் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்பி, நிழலில்லாத சாலையோரமாக நடந்தார்.

"ண்ணா, எழுந்திரு."

"மதி..."

"அவர் போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நீ போய்ச் சொல்லு. நானும் வர்றேன்."

அவன் எழவில்லை. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவது தடவை இழுத்தபோது எழுந்தான்.